மா

ஜவ்வரிசி ஆலை அர்த்தநாரி
இயந்திரக் கண்காட்சிக்கென்று போய்
ஒசாகாவில் ஐந்து நாள் இருந்தார்.
கடைசி நாள் மழைக்கு ஒதுங்கிய வீட்டை
ஐந்து ரோட்டில் என் மேசைமேல்
விரலால் வரைந்து காட்டினார்:
"உள்ள ஒண்ணுமே இல்லீங்க.
அந்த ஒண்ணுமில்லாததுதான் நல்லா இருந்துச்சு.
நாகலூர்ல எனக்கு அதைக் கட்டிக் குடுங்க.
சதுர அடி என்ன வரும்?"

நான் ஜப்பான் போனதில்லை.
கல்லூரி நூலகத்தில்
தையல் பிரிந்த ஒரு புத்தகம், அவ்வளவுதான்.
தாள் ஒட்டிய கதவுக்குப் பின்னால்
பாலில் ஊறிய வெயில்.
ஒரு முற்றத்தில் சரளைக்கல்,
சீப்பால் வாரியதுபோல் கோடு கோடாக.
முப்பது பக்கம் தள்ளி வெறும் கான்கிரீட்.
அந்தத் தேசத்தில் ஒரு தலைமுறை
மரத்தை விட்டுப் போனபோது
வெறுங்கையோடு போகவில்லை;
பலகையின் ரேகையைச் சுவரில்
ஒற்றி எடுத்துக்கொண்டு போனது.

இரண்டு தூணுக்கு நடுவில் இருப்பதற்கு
அவர்களிடம் ஒரு பெயர் உண்டு: மா.
இரண்டு பேச்சுக்கு நடுவில் இருப்பதற்கும் அதே.
இதை அர்த்தநாரியிடம் சொல்லவில்லை.
மரவள்ளி மாவில் வளர்ந்த மனிதர்,
மூட்டை என்ன விலை என்பார்.
பேசாமல்
பாதி வீட்டைக் காலியாக வரைந்து நீட்டினேன்.

அங்கே அறையைப் பாயால் அளப்பார்களாம்,
ஆறு பாய், எட்டுப் பாய்.
அவர் கேட்டார்,
"பந்தி போட்டா எத்தனை இலை விழும்?"
நாற்பது.
"அப்பச் சரி."

மலர்க்கொடிக்குத்தான் சரிப்படவில்லை.
காலியிலிருந்து முதலில் பூஜையறை போனது.
அப்புறம் பீரோவுக்கு ஒரு சுவர்,
இன்வெர்ட்டருக்கு ஒரு பிறை,
மாப்பிள்ளை வந்தால் ஏசி அறை.
ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கோடு.
ரப்பர் தூளை ஊதிவிட்டுக் கணக்குப் பார்த்தேன்:
மிச்சம் இருபதில் ஒன்று.

இருபதில் ஒன்றுக்கு
நம் பழைய வாய்ப்பாட்டில் என்ன பெயர்?
அலுவலகத்தில் யாருமில்லை.
தனியாகச் சிரித்தேன்.

இருபது கொண்டை ஊசி வளைவில்
ரெடிமிக்ஸ் லாரி திரும்பாது.
வெள்ளைக்கல் சுரங்கம் தாண்டி
மணல் சின்ன டிப்பரில் ஏறியது.
அச்சுக்கு எஸ்டேட்டின் சில்வர் ஓக்.
சடையன் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"பூச்சு இல்லாத சுவரா?
தப்பெல்லாம் வெளிய தெரியுமே."
தெரியட்டும்.
"உங்களுக்கென்ன, ஏச்சு எனக்கு."
மூன்று நாள் பலகை பொறுக்கினான்.

அச்சைப் பிரித்த காலையில்
சாம்பல் சுவரில் ஒரு தோப்பே நின்றது,
கணுவும் கீறலுமாக.
கீழ் மூலையில் தேன்கூடு விட்டிருந்தது, ஒரு முழம்.
அதையும் அழகு என்று எழுதிய பக்கம்
எனக்கு மனப்பாடம்.
பூசட்டுமா என்றான்.
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பூசினோம்.
மழை வந்தால் இன்றும்
அந்த இடம் மட்டும் தனியாகக் கறுக்கிறது.

பிப்ரவரியில் சும்மா போனேன்.
பூஜையறையில் மணி,
ஏசி அறையில் பழைய மெத்தை,
எல்லா அறையும் நிரம்பிவிட்டது.
அந்த இருபதில் ஒன்றில்,
மேலே கண்ணாடி, தெற்கே சுவரில்லை,
மிளகு காய்ந்துகொண்டிருந்தது.
நாற்காலி ஒன்றுகூட இல்லை.
மலர்க்கொடி வெறுங்காலால்
மெதுவாகத் துழாவிக்கொண்டே போனாள்,
சுவரிலிருந்து சுவருக்கு;
போன வழியெல்லாம் கோடு கோடாகக் கறுப்பு.
பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி
தெற்கு விளிம்பில் வந்து நின்றது.

செருப்பைக் கழற்றினேன்.
நிமிராமலே சொன்னாள்:
"ஓரமா வாங்க. கோடு கலைஞ்சிடும்."